சம்பங்கி ஏரியில் எழுந்த கண்டீரவா

பெங்களூருவில் கப்பன் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கம். இன்று கால்பந்து உருளும் அந்தப் புல்தரையில் ஒரு காலத்தில் சம்பங்கி ஏரியின் தண்ணீர் நின்றது. அருகிலுள்ள சம்பங்கிராம நகர் இன்னமும் அந்த ஏரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவுக்கு அருகில் பேராறு எதுவும் இல்லை. காவிரி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. அதனால் பள்ளமான இடங்களில் கரை எழுப்பி மழைநீரைத் தேக்கினார்கள். ஒரு ஏரி நிறைந்தால் மிகுநீர் ராஜகாலுவே எனப்படும் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். சம்பங்கி ஏரியும் நகரை நிறுவிய கெம்பே கௌடர் காலத்தில் இப்படி உருவானது என்பது மரபுச் செய்தி.

1809-இல் ஆங்கிலேயர் கண்டோன்மென்டை அமைத்தபின், பழைய பேட்டைக்கும் புதிய படைநகருக்கும் நடுவில் இந்த ஏரி அமைந்துவிட்டது. குடிநீர், தோட்டப் பாசனம், செங்கல் சூளைக்கான மண் என்று பலரும் பலவற்றுக்கு அதை நம்பியிருந்தார்கள். தேவைகள் மோதியபோது பூசல்களும் எழுந்தன. 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்து சேர்ந்ததும் நகரத்தாருக்கு ஏரியின் அவசியம் குறைந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அது வற்றவைக்கப்பட்டு, ஒரு சிறு குளமாகச் சுருங்கியது.

அந்தக் குளம் இன்றும் விளையாட்டரங்க வளாகத்தின் ஓரத்தில் இருக்கிறது. அதைக் காத்தது பெங்களூரு கரகத் திருவிழா. திரௌபதி அம்மனைப் போற்றி, சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் இவ்விழாவை நடத்துபவர்கள் திகளர்கள். தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகமான இவர்கள், ஏரி நீரை நம்பிப் பயிர் செய்தவர்களும்கூட. கரகச் சடங்குகளுக்கு இந்தக் குளம் இன்றியமையாதது என்பதால் அது தப்பியது.

இப்போதுள்ள திறந்தவெளி அரங்கம் 1997-இல், பெங்களூருவில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியையொட்டித் திறக்கப்பட்டது. அதே போட்டிக்கு வரும் வீரர்கள் தங்குவதற்காகத்தான் கோரமங்களாவில் தேசிய விளையாட்டுக் கிராமம் எழுந்தது. கண்டீரவாவில் சுமார் 25,000 பேர் அமரலாம். புல்தரையைச் சுற்றிச் செயற்கை ஓடுதளம் உண்டு. பக்கத்திலேயே உள்ளரங்கமும் இருக்கிறது. புரோ கபடி ரசிகர்களுக்கு அது பழக்கமான இடம்.

2014 முதல் பெங்களூரு எஃப்.சி. அணி இங்கே விளையாடுகிறது. 2016 அக்டோபரில், ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதியில் மலேசியாவின் ஜோகூர் அணியை அது இங்குதான் 3-1 என வென்றது. அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு முன்னேறிய முதல் இந்தியக் கிளப் அணி என்ற பெருமையை அந்த வெற்றி ஈட்டித் தந்தது. 2023 ஜூலையில் தெற்காசியக் கோப்பை இறுதியில் இந்தியா குவைத்தைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் வீழ்த்தியதும் இங்கேதான். 2006-இல் நடிகர் ராஜ்குமாரின் உடலும், 2021-இல் அவருடைய மகன் புனீத்தின் உடலும் மக்கள் அஞ்சலிக்காக இங்கு வைக்கப்பட்டன. விளையாட்டைத் தாண்டி, நகரமே கூடும் முற்றம் இது.

நகரின் நடுவே இவ்வளவு பெரிய காலி இடம் கிடைத்ததற்கு அங்கே ஏரி இருந்ததே காரணம். ஏரி இருந்த இடத்தில் கட்டடம் எழுப்பும் வழக்கம் சம்பங்கியோடு நிற்கவில்லை. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி அரங்கமானது. சூளை ஏரி கால்பந்து அரங்கமானது. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமானது. ஏரி மறைந்தாலும் நிலத்தின் சரிவு மாறுவதில்லை. பெருமழையில் தண்ணீர் பழைய பள்ளங்களையே தேடி வருகிறது. தேங்க இடமில்லாமல் கோரமங்களா பள்ளத்தாக்கு வழியே பெல்லந்தூர் ஏரியை நோக்கிப் பாய்கிறது. வழியில் தாழ்வான தெருக்களில் புகுகிறது. விளையாட்டரங்கங்கள் நகருக்குத் தேவைதான். ஆனால் அவற்றுக்கு இனி ஏரிகளை விலையாகக் கொடுக்க பெங்களூருவால் இயலாது. எஞ்சிய ஏரிகளையும் ராஜகாலுவேகளையும் காப்பது வெள்ளத் தடுப்புக்கும் நிலத்தடி நீருக்கும் அடிப்படைத் தேவை.