கையெழுத்து வைக்கும் முன்

எங்கள் பூண்டுலோயாவில் ஒருவரைப் பொலிசார் கைது செய்தால், வீட்டார் அநேகமாகத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவரைத்தான் தேடுவார்கள். குற்றவியல் வழக்குகளில் பழக்கமுள்ள சட்டத்தரணியைத் தேடுவதே நல்லது என்பேன்.

கைதுக்கான காரணத்தை அறியும் உரிமையை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தருகிறது. பொதுவாக, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால், நமக்கு விளங்கும் மொழியில் சொல்லும்படி கேட்கலாம், விடுபட்டதைச் சேர்க்கலாம். விளங்கிய பிறகே கையெழுத்து.

கட்டணம் எவ்வளவு, பிணை கிடைக்குமா, அடுத்த தவணை எப்போது என்று சட்டத்தரணியிடம் முதலிலேயே கேளுங்கள். பணமில்லாதோர் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

தோழியரே, இவற்றை உம்மாவுக்கும் சொல்லி வையுங்கள். பொலிஸ் நிலையத்துக்கு முதலில் ஓடுபவர் அவர்தான்.