பழைய விலாசத்தில் தட்டும் புரோகிராம்கள்

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டிய தெருக்களில் மின்சாரம் போனால், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர்களின் கை தானாகச் செல்போனுக்குப் போகிறது. வை-ஃபை செத்துவிட்டது, ஹாட்ஸ்பாட் வந்துவிட்டது. ஆனாலும் சில சமயம் லேப்டாப்பில் ஒரு விசித்திரம். புதிதாகத் திறந்த புரோகிராமில் எல்லா வலைத்தளங்களும் வருகின்றன. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் மட்டும் 'சர்வரைக் காணோம்' என்று அடம்பிடிக்கிறது. மூடித் திறந்தால் சரியாகிவிடும். தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்தப் பேட்டையில் என்றில்லை, உலகம் பூராவும் இதற்கு ஒரே வைத்தியம்தான்: ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.

வைத்தியம் பலிப்பதற்குக் காரணம் ஒரு குட்டி ஃபைல். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அதன் பெயர் ரிசால்வ்.கான்ஃப். சாதாரணமாகச் சில வரிகளுக்கு மேல் இருக்காது. வலைத்தளத்தின் பெயரைக் கேட்டு அதற்குரிய எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரின் விலாசம் அதில் எழுதப்பட்டிருக்கும். வீட்டு இணைப்புக்கு ஒரு விலாசம், செல்போன் கம்பெனிக்கு வேறு, ஆபீஸ் நெட்வொர்க்குக்கு இன்னொன்று. இணைப்பு மாறும்போது ஃபைலும் திருத்தப்பட்டுவிடுகிறது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு அந்தச் சேதியை யார் சொல்வது?

பல ஆண்டுகளாக யாரும் சொல்லவில்லை. லினக்ஸ் புரோகிராம்களில் பெரும்பாலானவை பெயர் தேடும் வேலையை குனு சி லைப்ரரியிடம்தான் ஒப்படைக்கின்றன. அது முதல் தேடலின்போது ஃபைலை ஒருமுறை படித்து மனதில் வைத்துக்கொள்ளும். புரோகிராம் சாகும்வரை அதுவே வேதம். ஊரின் ஆங்கிலப் பெயர் 2014 நவம்பர் 1-ல் பெங்களூரு என்று மாறிய பிறகும் தமிழர் வாயில் பெங்களூர் என்றே வருவது போல. பழைய சர்வர் பதில் சொல்லாதபோது 5 வினாடி காத்திருந்து, இன்னொரு முறை கேட்டு, மீண்டும் 5 வினாடி காத்திருந்து கைவிரிக்கும். திரையின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பத்து வினாடி ஒரு யுகம்.

வடிவமைத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் காலத்துக் கம்ப்யூட்டர் ஏ.சி. அறையில் நகராமல் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு தேடலுக்கும் டிஸ்க்கைத் தொட்டுப் பார்ப்பது வீண் செலவாகத் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டரைப் பையில் போட்டுக்கொண்டு மனிதன் ஊர் சுற்றுவான் என்று அப்போது யார் எதிர்பார்த்தார்கள்?

டெபியன் குழுவினர் தங்கள் லினக்ஸில் இதற்கு ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள். மூல லைப்ரரி திருந்தியது 2017 ஆகஸ்டில் வந்த 2.26 பதிப்பில்தான். அதற்குப் பிறகு, ஃபைல் மாறியிருந்தால் லைப்ரரி தானே அதை மீண்டும் படித்துக்கொள்கிறது. மற்றவர்களுக்கு மற்ற வழிகள். மஸ்ல் என்ற சிறிய லைப்ரரி ஒவ்வொரு தேடலுக்கும் ஃபைலைப் படிக்கிறது. கோ மொழிக்காரர்கள் ஐந்து வினாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும் என்கிறார்கள். உபுண்டு செய்வது இன்னும் சாமர்த்தியம்: ஃபைலில் 127.0.0.53 என்று கம்ப்யூட்டருக்கு உள்ளேயே இருக்கும் ஓர் ஏஜென்டின் விலாசத்தை எழுதிவிடுகிறது. வெளியே எது மாறினாலும் அந்த ஏஜென்ட் பார்த்துக்கொள்ளும். ஃபைலைத் திருத்தவேண்டிய அவசியமே இல்லை.

இரவு பகலாக ஓடும் சர்வர் புரோகிராம்களின் கதை வேறு. நடுவில் நிறுத்தினால் வாடிக்கையாளர்களின் இணைப்பு அறுந்துவிடும். அவற்றுக்காக யூனிக்ஸ்காரர்கள் ஒரு பழைய மணியையே திரும்பப் பயன்படுத்தினார்கள். டெலிபோன் லைன் வழியாகக் கம்ப்யூட்டரை அணுகிய நாட்களில், லைன் துண்டிக்கப்பட்டதும் புரோகிராமுக்குப் போகும் சிக்னல் 'ஹேங்அப்'. பின்னணியில் ஓடும் புரோகிராமுக்கு லைனும் இல்லை, துண்டிப்பும் இல்லை. எனவே அந்தச் சிக்னலுக்கு 'ஃபைலை மறுபடி படி' என்று புது அர்த்தம் கொடுத்துவிட்டார்கள். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இதை ஒழுங்காகச் செய்கிறது. சிக்னல் வந்ததும் புது ஃபைலைச் சோதித்துப் பார்க்கும். தப்பு இருந்தால் பழைய அமைப்பிலேயே தொடரும். சரியாக இருந்தால் புது ஆட்களை வேலைக்கு வைத்து, பழைய ஆட்களைக் கையிலுள்ள வேலையை முடித்துவிட்டுக் கிளம்பச் சொல்லும்.

அந்தச் சோதனை எவ்வளவு முக்கியம் என்பது 2025 நவம்பர் 18 அன்று தெரிந்தது. உலகின் வலைத்தளங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தன் நெட்வொர்க்கின் பின்னால் இருப்பதாகச் சொல்லும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், வலைத்தளங்களை மொய்க்கும் தானியங்கி 'பாட்'களை அடையாளம் காண ஒரு ஃபைல் வைத்திருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது புதிதாகத் தயாராகி உலகெங்கும் உள்ள அதன் கம்ப்யூட்டர்களுக்குப் போகும். அங்கு ஓடும் புரோகிராம்கள் உடனுக்குடன் அதைப் படித்துக்கொள்ளும். அன்று டேட்டாபேஸில் செய்த ஓர் அனுமதி மாற்றத்தால் ஒரே தகவல் திரும்பத் திரும்ப வந்து ஃபைல் இரு மடங்குக்கும் மேல் ஊதிவிட்டது. படிக்கும் புரோகிராமோ 200 அம்சங்களுக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தது. அதற்கு மேல் வந்தால் என்ன செய்வது என்று அதற்குச் சொல்லித் தரப்படவில்லை. செத்து விழுந்தது.

இந்திய நேரம் மாலை 4.50 மணிவாக்கில் எக்ஸ், சாட்ஜிபிடி என்று வரிசையாகப் படுத்தன. முதலில் கெட்ட ஃபைல் எல்லா முறையும் வரவில்லை. டேட்டாபேஸின் ஒரு பகுதி மட்டுமே மாற்றப்பட்டிருந்ததால், ஐந்து நிமிடம் நல்லது, ஐந்து நிமிடம் கெட்டது என்று மாறி மாறி வந்தது. நெட்வொர்க் எழுந்தும் விழுந்தும் ஆட, யாரோ பெரிய தாக்குதல் நடத்துகிறார்கள் என்றே நிறுவனத்தின் இன்ஜினியர்கள் சந்தேகித்தார்கள். இரவு எட்டு மணிவாக்கில்தான் நிலைமை பெருமளவு சீரடைந்தது.

லிங்கராஜபுரத்துப் புரோகிராம் மாறிய ஃபைலைப் படிக்காமல் கெட்டது. இது படித்துக் கெட்டது. கிளவுட்ஃபிளேர் கடைசியில் செய்தது என்ன? புது ஃபைல் தயாராவதை நிறுத்தி, நன்றாக ஓடிய பழைய ஃபைல் ஒன்றை உள்ளே வைத்து, புரோகிராமை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார்கள்.