சான்று கேட்கும் வாசல்



வடிவமைப்பு என்றதும் நிறமும் எழுத்துருவும்தான் நினைவுக்கு வருகின்றன. யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் வடிவமைப்புதான். ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். 2001இல் தொடங்கி, 2003இல் தமிழுக்கும் வந்தது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஆனால் எழுதுவதற்கு ஏற்கெனவே வெளியான, நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும். பொய்யைத் தடுக்க அந்த விதி தேவை. நாம் அதை மறுக்கவில்லை. விதியில் சாதி என்ற சொல்லே இல்லை. ஆயினும் தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்டவர்களின் வரலாறு எந்த நூலில் இருக்கும்? நம் பாட்டிமாரின் நினைவிலும் நடவுப் பாட்டிலும் இருப்பது அந்த வாசலில் சான்றில்லாமல் நின்றுவிடுகிறது.

இதை மாற்றும் முயற்சி ஒன்று 2011இல் நடந்தது. அச்சல் பிரபாலாவும் உடன் உழைத்தவர்களும் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் மக்களின் பேச்சைப் பதிவு செய்து, அந்த ஒலிப்பதிவையே கட்டுரைகளுக்குச் சான்றாக வைத்தார்கள். அது பொது விதியாகிவிடவில்லை. ஆனால் விதி மனிதர் வகுத்தது, மாற்றக்கூடியது என்பதை அது காட்டியது.

நம் முன்னோர் வேறொரு வழியில் சென்றார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். விலையே பெயரானது, யார் கைக்குப் போக வேண்டிய இதழ் என்பதை அந்தப் பெயரே சொன்னது. அன்று அச்சேறியதால்தான் இன்று அவரை மேற்கோள் காட்டி வாதாட முடிகிறது.

ஆகவே நமக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, பெரியவர்களின் பேச்சைப் பெயர், ஊர், நாளோடு பதிவு செய்து அச்சிடுவது. வன்கொடுமையைச் சொல்பவர் நாளையும் அதே ஊரில் வாழ வேண்டியவர். ஆகவே அவர் இசைவில்லாமல் எதையும் வெளியிடக் கூடாது. பெயரை மறைக்கவும், சொன்னதைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை வேண்டும். இந்த உரிமைக்கு இடம் வைப்பதும் வடிவமைப்புதான். மற்றொன்று, விதிகள் விவாதிக்கப்படும் இடத்திலும் நாம் இருப்பது. விக்கிப்பீடியாவின் உள்ளடக்க விதிகளைப் பெரும்பாலும் அதில் எழுதுவோரே பேசி முடிவு செய்கிறார்கள். கட்டுரை எழுதிவிட்டு எழுந்து வந்துவிட்டால், வாசலின் அளவை வேறு யாரோ குறிப்பார்கள்.