படத்தில் மலை ஏன் சிறுத்துப் போகிறது?

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கமிருந்து புக்கிட் தாபூருக்குப் போய்வந்த பலருக்கும் ஒரே மனக்குறை. நேரில் மிரட்டிய மலை, படத்தில் சாதாரண மேடாகத் தெரிகிறது! அதை ஈடுகட்டவே சிலர் பாறை விளிம்பு வரை நகர்கிறார்கள். அங்கே தவறி விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. வனத்துறை அனுமதியின்றி நுழைவதும் குற்றம்.

உண்மையில் குறை துணிச்சலில் இல்லை. அகலக் காட்சி பிடிக்கும் லென்ஸில், காலடிக் கல் பெரிதாகவும் தொலைவுச் சிகரம் சிறிதாகவும் விழும். எனவே மலையை விட்டு விலக வேண்டும். கீழே தாமான் மெலாவாத்தியில் நின்று ஜூம் செய்து எடுத்தால், வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் அந்தக் குவார்ட்ஸ் பாறைத்தொடர் சுவர்போல எழும். சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள தொடர் அது.

வெளிச்சமும் முக்கியம். உச்சிவெயிலில் பாறை மடிப்புகளின் நிழல் மறைந்துவிடும். ராஜஸ்தான் போகிறவர்கள் கவனிக்கலாம்: தார் பாலைவன மணல்மேடுகளும் நண்பகலில் விரித்துப்போட்ட மஞ்சள் துணிதான். சாய்ந்த வெயிலில்தான் மேடுபள்ளம் தெரியும். மெலாவாத்தியிலிருந்து எடுக்க, மழை விட்ட மாலை ஆறு மணிக்கு மேல் நல்லது. புகைமூட்டம் கழுவப்பட்டு, மேற்கு வெயில் நேரே பாறைமுகத்தில் விழும்.