இறங்கும், ஏறாது

அப்பா ஓட்டுவது பள்ளி வேன். என்னைவிட வயதில் மூத்தது. கடந்த அக்டோபரில் ஒரு மதியம் அதன் இடது முன்கதவுக் கண்ணாடி கீழே இறங்கியது. பிறகு மேலே வரவேயில்லை. கிள்ளானில் அக்டோபர் மாத மதியம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக் தாளை ஒட்டி நான்கு நாள் ஓட்டினார். ஐந்தாம் நாள் முன் இருக்கையில் வரும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை தொப்பலாக நனைந்து வீடு போய்ச் சேர்ந்தாள். "அடுத்த மாதம் வேறு வேன் பார்க்கிறோம்" என்று அவளுடைய அம்மா சொல்லிவிட்டார்.

பட்டறையில் மோட்டாரை மாற்ற 280 ரிங்கிட் கேட்டார்கள். நான் போலிடெக்னிக்கில் மின்பொறியியல் மூன்றாம் பருவம். "நானே பார்க்கிறேன்ப்பா" என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. திருப்புளிப் பெட்டியை மட்டும் எடுத்து வைத்தார்.

கதவின் உள் அட்டையைக் கழற்றினேன். மோட்டாருக்குப் போகும் சொருகியைப் பிடுங்கி, மல்டிமீட்டரை அதில் வைத்து, 'மேலே' சுவிட்சை அழுத்தினேன். 12.4 வோல்ட். மின்சாரம் வருகிறது, கண்ணாடி ஏறவில்லை. அப்படியானால் மோட்டார்தான் போய்விட்டது. கீழே இறங்குகிறதே என்று அப்பா கேட்டார். இறங்குவது சுலபம், ஏறுவதற்குத்தான் பலம் வேண்டும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். பழைய உதிரிப்பாகக் கடையில் 60 வெள்ளிக்கு ஒரு மோட்டார் வாங்கி வந்தேன்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. மோட்டாரைக் கழற்றும் முன் கண்ணாடியை மேலே தூக்கி, கதவுச் சட்டத்தோடு சேர்த்து அகலமான டேப்பால் இறுக்கமாக ஒட்டிவிடுங்கள். எங்கள் வேனில் இருப்பது கத்தரிக்கோல் போல விரியும் இரும்புக் கைகள். சில வகைகளில் அதோடு ஒரு பலமான சுருள்வில்லும் இருக்கும். மோட்டாரின் பல்சக்கரம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கையை எங்கும் கட்டாமல் மோட்டாரை எடுத்தால் அது சட்டென்று திரும்பும். விரல் நடுவில் இருந்தால் அவ்வளவுதான்.

புது மோட்டாரை மாட்டினேன். இறங்கியது. ஏறவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் விரிவுரையாளரிடம் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "சொருகியை மாட்டிக்கொண்டு அளந்தாயா, கழற்றிவிட்டு அளந்தாயா?"

ஐந்தாம் படிவ இயற்பியலில் V = IR எழுதாதவர் யார்? மல்டிமீட்டர் மிக மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுக்கும். வழியில் 5 ஓம் தடை இருந்தாலும் அந்தச் சிறு மின்னோட்டத்தில் மின்னழுத்தம் குறைவது தெரியாது; முழு 12 வோல்ட்டையும் காட்டும். மோட்டாரை மாட்டினால் கதை வேறு. அதன் தடை சுமார் 1 ஓம்தான். அந்த 5 ஓம் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

அன்று மாலை சொருகியை மாட்டியபடியே, பின்பக்கத்திலிருந்து ஊசிமுனையைச் செருகி அளந்தேன். மோட்டாருக்குக் கிடைத்தது 2 வோல்ட். மீதி எங்கே? கறுப்பு முனையை வேனின் உடலில் வைத்து, சிவப்பு முனையை மோட்டாரிலிருந்து மின்னோட்டம் வெளியேறும் கம்பியில் வைத்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 10 வோல்ட். மின்சாரம் வருவதில் கோளாறு இல்லை, திரும்பிப் போவதில்தான் கோளாறு.

இந்த மோட்டார் நேர்மின்னோட்டத்தில் ஓடுவது. முனைகளை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுழலும். சும்மா இருக்கும்போது இரண்டு கம்பிகளுமே எர்த்தில் இணைந்திருக்கும். 'மேலே' அழுத்தினால் ஒரு கம்பிக்கு 12 வோல்ட், மற்றது எர்த்திலேயே நிற்கும். 'கீழே' அழுத்தினால் நேர்மாறு. எங்கள் வேனில் அந்த எர்த் இணைப்பு இடது கதவில் இல்லை. இடது கதவிலிருந்து கிளம்பி, டாஷ்போர்டின் அடியில் புகுந்து, ஓட்டுநர் கதவிலுள்ள பெரிய சுவிட்ச் வழியாகப் போகிறது. அதாவது பழுது இத்தனை நாளும் அப்பாவின் வலது முழங்கைக்குக் கீழே இருந்திருக்கிறது. மழையானாலும் வெயிலானாலும் அவர் தன் பக்கக் கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்துத்தான் ஓட்டுவார்.

சுவிட்சைப் பிரித்தேன். ஒரேயொரு தொடுமுனை மட்டும் கரி பிடித்துக் கறுத்திருந்தது. 'மேலே' அழுத்தும்போது மின்னோட்டம் திரும்பும் வழி அதுதான். மற்றது பளபளவென்று இருந்ததால்தான் கண்ணாடி ஒழுங்காக இறங்கியிருக்கிறது. அப்பா முதல் நாளே கேட்ட கேள்விக்கு விடை அங்கே இருந்தது.

மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தொடுமுனைத் தெளிப்பான் அடித்துத் துடைத்தேன். தெளிப்பான் 18 வெள்ளி. கண்ணாடி ஓடும் ரப்பர் தடத்துக்குக் கொஞ்சம் சிலிக்கோன். எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். கதவுக்குள் இருந்த பிளாஸ்டிக் தாளையும் மறக்காமல் ஒட்டினேன். கதவுக்குள் இறங்கும் மழைநீர் வேனுக்குள் கசியாமல் தடுப்பது அதுதான்.

அப்பா தன் இருக்கையில் உட்கார்ந்து சுவிட்சை அழுத்தினார். கண்ணாடி மெதுவாக மேலேறி மூடியது. இறக்கினார். மறுபடி ஏற்றினார். ஏழெட்டு முறை செய்திருப்பார்.

"அந்த அறுபது வெள்ளி மோட்டார்?" என்றார்.

கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டாராம். பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை நவம்பரிலும் எங்கள் வேனில்தான் வந்தாள், அதே முன் இருக்கையில்.