சில்லறைக் கடைகளின் கொள்முதல் அளவும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலும்: எம்5 போட்டியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஒரு கடை எத்தனை பனியன்களைக் கொள்முதல் செய்ய வேண்டும் என்னும் வினா, அக்கடையின் இலாபத்தோடு முடிந்துவிடுவதில்லை. திருப்பூரில் நூல் வாங்குதல், நிட்டிங், சாயமேற்றுதல், தையல் ஆகிய பணிகளின் அளவையும் அவ்வெண்ணே தீர்மானிக்கிறது. விற்பனைக் கணிப்புக்கென நடைபெற்ற ஒரு பன்னாட்டுப் போட்டியின் துணைகொண்டு, கொள்முதல் அளவு முடிவாகும் முறையையும் அதனால் உற்பத்தியாளர் அடையும் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எம்5 போட்டி

சைப்ரஸ் நாட்டின் நிக்கோசியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ் தலைமையில் எம்5 போட்டி 2020 மார்ச் முதல் ஜூன் வரை நடைபெற்றது. அமெரிக்காவில் வால்மார்ட்டின் 10 கடைகளில் விற்ற 3,049 பொருள்களின் அன்றாட விற்பனைத் தரவு போட்டியாளர்களுக்கு வழங்கப்பட்டது. அடுத்த 28 நாள்களின் விற்பனையைக் கணிப்பதே போட்டியின் பணி. முதற்பிரிவு ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண்ணைக் கேட்டது. இரண்டாம் பிரிவு 9 நிகழ்தகவு நிலைகளில் விற்பனை அளவைக் கேட்டது. கொள்முதல் முடிவுக்கு நெருக்கமானது இரண்டாம் பிரிவே ஆகும்.

கணிப்பிலிருந்து கொள்முதலுக்கு

சராசரியாக விற்கும் அளவே வாங்கத்தக்க அளவு அன்று. இதனை 'நாளிதழ் விற்பவர் கணக்கு' தெளிவுபடுத்துகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு பனியனின் கொள்முதல் விலை 200 ரூபாய், விற்பனை விலை 350 ரூபாய், பருவம் முடிந்தபின் தள்ளுபடி விலை 120 ரூபாய் எனக் கொள்வோம். ஒரு பனியன் குறைந்தால் கடை இழப்பது 150 ரூபாய். மிஞ்சினால் இழப்பது 80 ரூபாய். 150ஐ இவ்விரண்டின் கூடுதலாகிய 230ஆல் வகுத்தால் 0.65 கிடைக்கிறது. எனவே, விற்பனை அடங்குவதற்கு 65 விழுக்காடு வாய்ப்புள்ள அளவையே கடை வாங்க வேண்டும்.

திருப்பூரின் நிலை

எம்5 தரவில் உணவு, வீட்டுப் பயன்பாடு, பொழுதுபோக்கு ஆகிய மூவகைப் பொருள்களே இடம்பெற்றன. ஆடை தனிவகையாக இல்லை. உணவுப்பொருளை அடிக்கடி வாங்கி இருப்பைச் சரிசெய்யலாம். ஏற்றுமதிப் பின்னலாடைக்கோ பருவம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்னரே ஆர்டர் தர வேண்டும். துணி ஒருமுறை குறித்த நிறத்தில் சாயமேற்றப்பட்டு, குறித்த அளவில் வெட்டப்பட்டுவிட்டால் அதனை வேறோர் ஆர்டருக்குப் பயன்படுத்துவது அரிது.

இந்நிலையில் மிச்சத்தின் சுமையைக் கடை உற்பத்தியாளர்மீது மாற்ற இயன்றால் கணக்கு மாறிவிடுகிறது. மேற்கண்ட 80 ரூபாயில் 60 ரூபாய் அவ்வாறு மாற்றப்பட்டால் கடையின் விகிதம் 0.88 ஆக உயர்கிறது. கடை மேலும் மிகுதியாக ஆர்டர் தருகிறது. மிச்சமாகும் பனியன் ஒன்றுக்கான இழப்பு குறையவில்லை. அதனைத் தாங்குபவரே மாறியிருக்கிறார். 2020ஆம் ஆண்டுக் கொரோனா முடக்கத்தின்போது வெளிநாட்டு ஆர்டர்கள் ரத்தானமையும் தள்ளிவைக்கப்பட்டமையும் திருப்பூரில் இதனை வெளிப்படுத்தின. ஏற்றுமதியில் மிஞ்சும் ஆடைகளை விற்கும் காதர்பேட்டைச் சந்தை, மிச்சத்தின் மதிப்பில் ஒரு பகுதியையே மீட்டுத் தருகிறது.

முடிவுரை

கொள்முதல் போட்டிகளின் மதிப்பெண் முறை கடையின் இருப்புச் செலவையும் விற்பனை இழப்பையும் மட்டும் கணக்கிட்டால், பிறர்மீது சுமத்தப்படும் இழப்பு சேமிப்பாகத் தோன்றும். நூல் வாங்கிய நாள் முதல் ஏற்படும் செலவையும் அதில் சேர்ப்பதே பின்னலாடைத் தொழிலுக்குப் பொருந்தும் அளவீடாகும்.