இருவர் கிளப்பிய சத்தம்

கோயமுத்தூர் என்றதும் பஞ்சாலைச் சங்கும், பம்பு செட்டும், சிறுவாணித் தண்ணீரும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகின்றன. "அங்கே சங்கீதம் ஏது?" என்று காவிரிக் கரைக்காரர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. எம். எஸ். விசுவநாதன், எஸ். எம். சுப்பையா நாயுடுவின் அருகில் இருந்து தொழில் கற்றது கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில்தான். பிற்பாடு அவரும் டி. கே. ராமமூர்த்தியும் இரட்டையராகச் சேர்ந்து 1965 வரையில் தமிழ்நாட்டையே பாட வைத்தார்கள்.

அதே கோவை, அரை நூற்றாண்டு கழித்து, இன்னோர் இரட்டையருக்கு ஒருவரைக் கொடுத்தது. அவர் பெயர் ஆதி, 1990-இல் பிறந்தவர். கூட்டாளியின் பெயர் ஜீவா. இருவருமாகச் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர் 'ஹிப்ஹாப் தமிழா'. பெயரில் பாதி அமெரிக்கா, பாதி தமிழகம். சின்னமோ பாரதியாரின் முண்டாசும் மீசையும்! கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் எழுந்து போனதும், ஒலிபெருக்கியிலிருந்து ஒரு முழக்கம் புறப்படுகிறதே, வாலிபர்கள் ஆடுவதும் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வதுமாக, அந்த ஜாதிப் பாட்டுத்தான் இவர்களுடையது.

இந்த ஹிப்ஹாப் பிறந்ததே ஒரு விருந்தில்தான். 1973-ஆம் வருஷம் ஆகஸ்டு 11-ஆம் தேதி, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், பள்ளிக்கூடம் திறக்குமுன் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டுமென்று ஒரு நீக்ரோப் பெண், கட்டணம் வைத்து விருந்து நடத்தினாள். இசைத்தட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க். பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் இடம் வந்தால் ஜனங்கள் அதிகம் ஆடுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஆகவே ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்தத் தாளத்தை நீட்டிக்கொண்டே போனார். அந்தத் தாளத்தின் மேல் வசனத்தை எதுகையோடு வேகமாகச் சொல்லும் பழக்கம் பின்னால் வளர்ந்தது. இப்போது தட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர். மத்தளக்காரர் வராமலே மத்தளம் ஒலிக்கிறது.

கொங்குநாட்டாருக்கு இது அவ்வளவு அந்நியமென்று நான் நினைக்கவில்லை. அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து விடிய விடியப் பாடுவோரைக் கேட்டவர்களுக்கு, தாளத்தின் மேல் சொல்லை ஓட்டும் வித்தை புதிதல்ல. தமிழில் இந்த முறைக்கு முன்னோடிகளும் உண்டு. 1994-இல் 'காதலன்' படத்தில் ரஹ்மான் ஒரு பேட்டைப் பாட்டைக் கொடுத்தார். 2006-இல் மலேயாத் தமிழர்களான யோகி பி குழுவினர் 'வல்லவன்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள்.

ஆதியும் ஜீவாவும் பிரசித்தி பெற்றது 2011-இல். ஒரு வானொலி நிலையத்தில் ஆதி பாடிய 'கிளப்புல மப்புல' யூடியூப் வழியாக வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. மறு வருஷம் 'ஹிப்ஹாப் தமிழன்' என்ற தொகுப்பு வந்தது. சினிமாவின் தயவில்லாமல் பாட்டு பிழைக்க முடியாத தேசத்தில், பாட்டு முன்னே வந்து சினிமா பின்னே வந்தது பெரிய காரியம். அதற்காக அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்தப் பாட்டின் விஷயம் என்ன? நகரத்துக் கேளிக்கை விடுதியில் பெண்கள் மது அருந்துவதையும் அவர்கள் உடுத்துவதையும் கண்டு ஒரு வாலிபன் மனம் பொருமுவது. பெண்களுக்கு மட்டும் உபதேசமா என்று அப்போதே கண்டனம் எழுந்தது. எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் அதற்கு ஆட வேண்டுமென்று சில பையன்கள் வந்து நின்றார்கள். பக்கத்தில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "குடிக்கிற ஆம்பிளைகளைப் பத்தி இவுங்க பாடலீங்களா, ஸார்?" என்று கேட்டாள். அவள் தகப்பனார் மாலை வேளைகளில் எங்கே போகிறார் என்பது எனக்குத் தெரியும். பையன்களிடம் வேறு பாட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டேன். கேளிக்கைப் பாட்டுக்கு ஆராய்ச்சி எதற்கு என்பார் உண்டு. வேடிக்கையாகச் சொன்னதுதான் பிள்ளைகள் மனத்தில் ஆழமாய்ப் பதிகிறது என்பது உபாத்தியாயர்களுக்குத் தெரிந்த சங்கதி.

சினிமாவில் அவர்கள் ஏறிய வேகத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2013-இல் 'எதிர்நீச்சல்', 2014-இல் 'கத்தி' ஆகிய படங்களில் அநிருத்தின் இசையில் ஆதியின் குரல்; 2015 பொங்கலுக்கு வந்த 'ஆம்பள' படத்தில் சொந்த இசை; அதே வருஷம் 'தனி ஒருவன்'. 2017-இல் வந்த 'மீசைய முறுக்கு' படத்திலோ எழுத்து, டைரக்ஷன், நடிப்பு, இசை யாவும் ஆதி! என்ஜினீயரிங் படித்த பையன் சங்கீதத்தை நாடிப் போகும் அந்தக் கதை அவருடைய சொந்தக் கதையைத் தழுவியது. தகப்பனாராக விவேக் நடித்தார். தெருவுக்குத் தெரு என்ஜினீயரிங் மாணவர்கள் உள்ள எங்கள் பக்கத்தில் அது சும்மா கதையல்ல. படம் பார்த்துவிட்டு வந்து, "கொஞ்ச நாள் டைம் குடுங்கப்பா" என்று கேட்ட பிள்ளைகளையும், பதில் சொல்ல முடியாமல் திணறிய தகப்பன்மார்களையும் நான் அறிவேன்.

அதற்கு முன்பே, அவ்வருஷம் ஜனவரியில், பாட்டு விளையாட்டாக இருந்தது போய் வினையாயிற்று. 2014-இல் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டைத் தடுத்திருந்தது. காங்கேயம் காளையைக் குடும்பத்தில் ஒன்றாக வளர்க்கும் நாடு இது. மனக்கசப்புக்குக் கேட்க வேண்டுமா? ஆதியும் ஜீவாவும் காளைக்காகப் பாடிய 'டக்கரு டக்கரு' வாலிபர் எல்லோர் வாயிலும் இருந்த சமயத்தில் சென்னைக் கடற்கரையில் ஜனசமுத்திரம் திரண்டது, கோவை வ. உ. சி. மைதானத்திலும் திரண்டது. முன்னணியில் இருந்த ஆதி, சில நாட்களுக்கெல்லாம், தேச விரோதமான கோஷங்கள் புகுந்துவிட்டன என்று சொல்லி விலகிக்கொண்டார். கோழை என்றனர் சிலர். விவேகி என்றனர் சிலர். ஜனவரி 23-ஆம் தேதி போலீஸார் கடற்கரையைக் காலி செய்தபோது கலகம் மூண்டது. அன்றைக்கே சட்டசபையில் ஜல்லிக்கட்டு மசோதாவும் நிறைவேறியது.

அவர் விலகியது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று மைதானத்தில் குளிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நினைத்தால், அவர்களுக்கு நேரிலே வந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று தோன்றுகிறது. இருபத்தாறு வயதுப் பாட்டுக்காரரிடம் தலைவருக்குரிய நிதானத்தை எதிர்பார்த்தது நம்முடைய அவசரமாகவும் இருக்கலாம்.

அதன் பிறகு ஆதியின் கவனம் வேறு பக்கமும் திரும்பியது. 2019-இல் தமிழ் எழுத்தின் ஆதியைத் தேடி 'தமிழி' என்ற ஆவணப் படத்தொடரை வெளியிட்டார். நம் பிள்ளைகளுக்குப் பிராமி எழுத்தின் பெயராவது தெரிந்திருக்கிறதென்றால் அதில் அந்தத் தொடருக்கும் பங்குண்டு. 2023-இல் பாரதியார் பல்கலைக் கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. கௌரவப் பட்டமல்ல, சங்கீதத் தொழில்முனைவைப் பற்றி ஆராய்ச்சி செய்து பெற்றது.

இவ்வளவு சொல்லியும் ஜீவாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று வாசகர்கள் கேட்கலாம். சொல்வதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. திரையில் தெரிகிற முகம் ஆதியுடையது. மேடையில் பேசுகிறவரும் அவரே. ஆயினும் 2024-இல் ஆதியே டைரக்டு செய்து நடித்த 'கடைசி உலகப் போர்' படத்தின் விளம்பரத்தில், சங்கீதம் என்ற இடத்தில் அவர் பெயர் தனியாக இல்லை. 'ஹிப்ஹாப் தமிழா' என்றுதான் போட்டிருந்தது.